தூசிக்குத் தண்ணீர் மட்டும் போதுமா?

பால்மரம் வெட்டுகிறவர்களும் கிராணிமார்களும் படிக்கும் இந்தப் பத்திரிகையில் கல் தூசியைப் பற்றித் தலையங்கம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. காலை வேளையில் பனி ஈரம் காயாத நிரைகளில் நிற்கிறவனுக்குத் தூசியோடு என்ன சம்பந்தம்? ஆனால் இன்று நம் லயங்களிலிருந்து எத்தனை பிள்ளைகள் பால்வாளியைத் தூக்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் கல்மலைகளிலும் கட்டடங்களிலும் ஆலைகளிலும் நிற்கிறார்கள். தாய் தகப்பன் இந்தச் சங்கத்தில் இருந்தார்கள். பிள்ளை எந்தச் சங்கத்திலும் இல்லை. ஆகவே அவர்களுக்காகவும் பேச வேண்டியவர்கள் நாமே.

பினாங்குத் தீவின் குன்றுகள் கருங்கல்லால் ஆனவை. கருங்கல்லில் கணிசமான பங்கு படிகக் கல், அதாவது குவார்ட்ஸ். 1972-ல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கிய நாள் முதல் பாயான் பாருவும் ரேலாவும் பாயா தெருபோங்கும் குன்றை வெட்டியும் மண்ணை நிரவியும் வளர்ந்த ஊர்கள். 2025 ஜனவரியில் முத்தியாரா ரயில் பாதைக்கும் வேலை தொடங்கப்பட்டது. கட்டட வேலை இந்தத் தீவில் ஓயப் போவதில்லை. பாறையைத் துளைக்கிற இடத்திலும், கான்கிரீட்டை அறுக்கிற இடத்திலும், தரைக்கல்லைத் தேய்க்கிற இடத்திலும் எழும்புகிற வெண்புகை வெறும் அழுக்கு அல்ல. அது நுரையீரலை அறுக்கும் அரம்.

இதற்கு அத்தாட்சி தேடி வெள்ளைக்காரன் நாட்டுக்குப் போக வேண்டியதில்லை. நம் பாட்டன்மார்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் மலாயாவுக்குக் கப்பல் ஏறிய அதே காலத்தில், அதே மாவட்டங்களிலிருந்து மைசூர் நாட்டுக் கோலார் தங்க வயலுக்கு ரயில் ஏறியவர்களும் உண்டு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்த பிறகு, குவார்ட்ஸ் பாறையைப் பிளந்து தங்கம் எடுக்கத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் பூமிக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கும் மேலே போயிற்று. 1940 முதல் 1946 வரை அங்கே தொழிலாளர்களின் மார்பைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்கள் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிகோசிஸ் என்னும் கல்நுரையீரல் நோய் காணப்பட்டது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றி முதலில் வெளிவந்த பெரிய கணக்கு இதுதான். அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. தங்கம் போன இடம் தெரியும். மூச்சு போனவர்களின் பெயர் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1930-லும் 1931-லும் மேற்கு வர்ஜீனியாவில் ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் மலையைக் குடைந்து நீர்ச்சுரங்கம் வெட்டினார்கள். பாறை ஏறக்குறைய முழுதும் சிலிகா. தண்ணீர் விட்டுத் துளைத்தால் வேலை மெதுவாகும் என்று காய்ந்த பாறையையே துளைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள், பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். தண்ணீரோடு துளைக்கும் இயந்திரம் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. வழி தெரியாமல் சாகவில்லை. வழி தெரிந்தும் சாகவிடப்பட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். இன்றைக்குத் தண்ணீர் விடாத முதலாளி குறைவு. வேலைத் தலத்தில் ஒரு ரப்பர்க் குழாய் கிடக்கும். அதிகாரி வருகிற நாளில் தரை நனைந்திருக்கும். "தண்ணீர் அடிக்கிறோமே, இன்னும் என்ன?" என்பார்கள். இந்தப் பதிலுக்கு மறுபதில் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகவே இந்தத் தலையங்கம்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிச் சளியோடு வெளியே வந்துவிடும். கொல்வது கண்ணுக்குத் தெரியாத தூசி. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஏறக்குறைய எழுபது மைக்ரான் தடிப்பு. நுரையீரலின் அடி வரைக்கும் போய்த் தங்குகிற துகளோ பத்து மைக்ரானுக்கும் கீழே. பெரும்பாலும் ஐந்துக்கும் கீழே. அது காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். தரையை நனைப்பதால் மிதக்கிற தூசி இறங்கிவிடாது.

மிதக்கிற தூசியைக் குழாய்த் தண்ணீரால் அடித்தால் என்ன நடக்கிறது? குழாயிலிருந்து வரும் துளி தூசித் துகளைவிட நூறு மடங்கு பெரியது. பெரிய லாரி ஓடும்போது சாலையில் கிடக்கும் காய்ந்த இலை அதன் மேல் மோதாமல் காற்றோடு ஒதுங்கிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே பெரிய துளி வரும்போது நுண்தூசி காற்றோடு வளைந்து விலகிவிடுகிறது. துளி சிறியதாக, தூசியின் அளவுக்குக் கொஞ்சம் அருகே வந்தால்தான் இரண்டும் மோதும். வேகமாக அடித்தால் தீரும் என்று நினைப்பதும் தவறு. அழுத்தம் மிகுந்த பீச்சல் தன்னோடு காற்றையும் தள்ளிக்கொண்டு போய், தூசியை வேலையாளின் முகத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். இது சுரங்கங்களில் பல முறை கண்ட உண்மை.

மோதினாலும் ஒட்ட வேண்டுமே! சேம்பு இலையில் மழைத்துளி உருண்டு ஓடுவதை நாம் அறிவோம். தண்ணீருக்கு இழுத்துப் பிடித்த தோல் போன்ற ஒரு மேற்பரப்பு உண்டு. கரித்தூள், எண்ணெய்ப் பசையுள்ள தூள் இவற்றின் மேல் அந்தத் தோல் படியாமல் உருண்டுவிடும். இங்கேதான் ஈரமூட்டி மருந்து உதவுகிறது. இது சோப்பின் இனத்தைச் சேர்ந்தது. தண்ணீரின் தோலைத் தளர்த்துகிறது. தோட்டத்தில் புல் மருந்து அடிக்கிற நம் பெண்களுக்கு இது புதிதல்ல. மருந்து இலையில் நிற்காமல் வழியாதபடி அதில் இந்த இனத்துச் சரக்கைக் கலந்துதான் விற்கிறார்கள். அதே வேலையைத்தான் அது தூசியிலும் செய்கிறது: துளி நுண்ணியதாகச் சிதறும், பட்ட தூசியை நனைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். தேவைப்படும் அளவும் மிகக் குறைவே.

ஆனால் எதையும் மிகைப்படுத்திச் சொல்வது நம் வழக்கமல்ல. குவார்ட்ஸ் தூசி தண்ணீரில் இயல்பாகவே நனையும். அதற்கு ஈரமூட்டி தரும் லாபம், நனைய மறுக்கும் நிலக்கரித் தூசிக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. நிலக்கரியிலும்கூட அமெரிக்கச் சுரங்கங்களில் ஓரிடத்தில் நன்றாகப் பலித்தது மற்றோரிடத்தில் அவ்வளவாகப் பலிக்கவில்லை. கரியின் இனத்துக்கு ஏற்ற மருந்தும், சரியான பீச்சுமுனையும், சரியான அளவும் சேர்ந்தால்தான் பயன். வாளியில் சோப்புத் தூளைக் கொட்டிவிட்டு விஞ்ஞானம் என்று சொல்வாரானால் அதையும் நாம் ஏற்க முடியாது.

அடுத்தது கம்பி வலை. ஸ்டோரில் பாலை வடிகட்டுகிற சல்லடை நமக்குத் தெரியும். கண்ணைவிடப் பெரிய குப்பை வலையில் நிற்கும், பால் இறங்கும். தூசிக்கு வைக்கும் கம்பி வலை அப்படி வேலை செய்வதில்லை. அதன் கண்களைவிடத் தூசி எவ்வளவோ சிறியது. பின் எப்படிப் பிடிக்கிறது? துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வலைகளைப் பல அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரு சட்டத்தில் பூட்டுகிறார்கள். முன்னால் நீர்ப் பீச்சுகள் அதை இடைவிடாமல் நனைக்கின்றன. பின்னால் ஒரு விசிறி தூசிக் காற்றை அதன் வழியே இழுக்கிறது. நெளிந்து நெளிந்து போகிற காற்று கம்பியைச் சுற்றித் திரும்பும்போது தூசி திரும்ப முடியாமல் ஈரக் கம்பியில் மோதி ஒட்டுகிறது. வழிகிற நீர் அதைக் கழுவிக்கொண்டு போகிறது. கடைசியில் நீர்த்துளிகளைப் பிரிக்கும் ஒரு தட்டு வரிசை. அதைத் தாண்டி வருவது பெருமளவு சுத்தமான காற்று. அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் வெட்டும் இயந்திரத்தின் மேலேயே இதைப் பொருத்தியிருக்கிறார்கள். ஈரமூட்டி கலந்த நீரை இந்த வலைமேல் விட்டால் கம்பி முழுதும் மெல்லிய ஈரம் படரும். நனைய மறுக்கும் தூசியும் பிடிபடும். இரண்டையும் சேர்த்துச் செய்வதன் தத்துவம் இதுதான்.

இதிலும் ஒரு பெரிய பலவீனம் உண்டு. வலை அடைத்துக்கொள்ளும். சேறு படியப் படியக் காற்று குறையும். காற்று குறைந்தால் தூசி வலைக்குள் வராமல் பக்கவாட்டில் தப்பி வேலையாளிடம் போகும். இயந்திரம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே ஒவ்வொரு முறை வேலையிலும் வலையைக் கழற்றிக் கழுவ நேரம் ஒதுக்க வேண்டும். அந்த நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்பட வேண்டும். "உற்பத்தி நின்றுவிடும்" என்று மண்டோர் அவசரப்படுத்துகிற இடத்தில் எந்த இயந்திரமும் உயிரைக் காக்காது. இயந்திரமும் சட்டமும் நிறைந்த நாட்டில்கூட 2013-க்கும் 2017-க்கும் இடையே தென்மேற்கு வர்ஜீனியாவில் மூன்று மருத்துவ நிலையங்களில் மட்டும் முற்றிய கரிநுரையீரல் நோயாளிகள் 416 பேர் கண்டுபிடிக்கப்பட்டார்கள். நிலக்கரிப் படலம் மெலிந்ததால் பாறையையும் சேர்த்து வெட்டியதும், அதிலிருந்து எழுந்த சிலிகாத் தூசியும் முக்கிய காரணமாகச் சொல்லப்படுகின்றன.

நம் பினாங்கில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆனால் இதே தத்துவத்துக்கு இங்கே வேலை இருக்கிறது. கல்லுடைக்கும் இயந்திரத்தின் வாயிலும், கன்வேயரிலிருந்து கல் விழும் இடத்திலும் மூடிபோட்டு நுண்பீச்சு வைக்கலாம். மூடிய கூடத்தில் கல் அறுக்கும் இடத்தில் விசிறியும் ஈரவலையும் வைக்கலாம். கையால் பிடித்து அறுக்கும் வட்ட வாளுக்கு இவ்வளவும் வேண்டாம். அறுக்கிற இடத்திலேயே, தூசி பிறக்கும் முன்பே, வாளோடு பொருத்திய குழாய் வழியே தண்ணீர் போனால் போதும். பிரிட்டனின் தொழிற்பாதுகாப்பு இலாகா அதற்கு நிமிடத்துக்கு அரை லிட்டராவது வேண்டும் என்கிறது. அரை லிட்டர் தண்ணீர்! இதற்குக்கூட மனம் வராதவரை என்னவென்று சொல்வது? பறந்த பிறகு தூசியைப் பிடிப்பதைவிட, பறக்கும் முன் நனைப்பதே முதல் விதி.

எல்லாத் தூசிக்கும் தண்ணீர் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாம் வெட்டிய பால் டயராகும் ஆலையில் கரிப்பொடி கலக்கிற இடத்தில் தண்ணீர் அடிக்க முடியாது. அங்கே பொடி எழும்பும் வாயிலேயே உறிஞ்சும் மூடியும் குழாயும் வேண்டும். ஈரமூட்டி கலந்த நீரும் கண்ணையும் தோலையும் உறுத்தும். அந்தப் பனிப்புகையை மூச்சாக இழுக்கக் கூடாது. தேங்கிப் பாசிபிடித்த நீரைத் திரும்பத் திரும்பப் பீச்சினால் வேறு நோய் வரும். நனைந்த சேறு காய்ந்தால் மறுபடி தூசியே. அதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரமாகவே அள்ள வேண்டும். காற்றுக் குழாயால் சட்டையை ஊதுவது ஆபத்து.

"முகமூடி கொடுத்திருக்கிறோம்" என்பது முதலாளிமாரின் கடைசிக் கோட்டை. முகமூடி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நம் நாட்டு வெயிலில், வியர்வை வழியும் முகத்தில், பாரம் தூக்கிக்கொண்டு எட்டு மணி நேரம் அதை அணிந்து வேலை செய்ய யாரால் முடியும்? சாதாரணத் துணி முகமூடி நுண்தூசியைத் தடுப்பதுமில்லை. தூசியை அதன் பிறப்பிடத்தில் அடக்குவது முதலாளியின் கடமை. முகமூடி அதற்கு அப்பாலுள்ள கடைசிப் பாதுகாப்பு. நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது.

அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் பார்ப்போம். 1994-ஆம் ஆண்டுத் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலைத் தலங்களுக்கும் விரிந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பினால் வேலையிடத்தைவிட்டு விலக அது தொழிலாளிக்கு உரிமை தருகிறது. நாற்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைத்தாக வேண்டும். உடலுக்குத் தீங்கான இரசாயனப் பொருள்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின் பட்டியலில் சிலிகாவும் இருக்கிறது. அந்த விதிகளின்படி ஆபத்தை மதிப்பிட வேண்டும். தூசி அடக்கும் சாதனங்களை மாதத்துக்கு ஒரு முறையாவது பார்வையிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்ந்த நிபுணரைக் கொண்டு சோதிக்க வேண்டும். சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை வேலைத் தலத்துக்கு நடத்திக்கொண்டு வருவது சங்கத்தின் கால்கள்தான்.

இங்கே கிராணிமார்களுக்கு ஒரு தனி வேண்டுகோள். கல்நுரையீரல் நோய் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தே தலைகாட்டும். அதற்குள் குத்தகைக்காரர் மாறியிருப்பார். கம்பெனி பெயர் மாறியிருக்கும். பெர்கேசோவில் நஷ்டஈடு கேட்கப் போகிறவனிடம் "எங்கே, எந்த ஆண்டு, என்ன வேலை?" என்று கேட்பார்கள். பதில் சொல்லத் தாள் இருக்காது. எழுதத் தெரிந்த நாம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பள்ளி நோட்டுப் புத்தகத்தில் இதைக் குறித்துக் கொடுக்கலாம்: வேலைத் தலத்தின் பெயர், குத்தகைக்காரரின் பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, செய்த வேலை, தண்ணீர் விட்டார்களா இல்லையா, எக்ஸ்ரே எடுத்த நாள். சம்பளச் சீட்டை அதோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை. ஒரு விதவையின் வழக்கு அதில் நிற்கும்.

நம்மவர் மட்டுமல்ல, இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளம் ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்களும் இதே தூசியைத்தான் தின்கிறார்கள். 2019 ஜனவரி முதல் அவர்களுக்கும் பெர்கேசோ பாதுகாப்பு உண்டு என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. ஹாக்ஸ் நெஸ்டில் பலியானவர்களும் ஊர்விட்டு வந்தவர்களே. நம் பாட்டன்மார்களும் அப்படி வந்தவர்களே. அவர்களை ஒதுக்கிவிட்டு நமக்கு மட்டும் நீதி கேட்டால் அந்தக் குரலுக்கு வலு இராது.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை. முதலாவதாக, கல் அறுக்கும், துளைக்கும், உடைக்கும் இயந்திரம் ஒவ்வொன்றிலும் நீர்ப் பீச்சு பொருத்தியே இருக்க வேண்டும். நீர் நின்றால் இயந்திரமும் நிற்க வேண்டும். இரண்டாவதாக, மூடிய கூடங்களில் விசிறியோடு கூடிய ஈரவலை போன்ற சாதனம் வைத்து, அதைக் கழுவும் நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். மூன்றாவதாக, ஈரமூட்டி எது சேர்த்தாலும் அதன் பெயரும் தீங்கும் தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில் எழுதி ஒட்டப்பட வேண்டும். நான்காவதாக, காற்றில் உள்ள தூசியை அளந்து அந்தக் கணக்கைப் பாதுகாப்புக் குழுவின் முன் வைக்க வேண்டும். தரை ஈரத்தைப் பார்த்து மனம் நிறைவடைய நாம் தயாரில்லை. ஐந்தாவதாக, தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி செலவில் மார்புப் பரிசோதனை நடத்த வேண்டும். நோய் கண்டவனை வேலையிலிருந்து துரத்தாமல் தூசியில்லாத வேலைக்கு அதே சம்பளத்தில் மாற்ற வேண்டும்.

செலவைக் கணக்குக் காட்டுவார்கள். காட்டட்டும். ஆஸ்திரேலியா அரசாங்கம் 2024 ஜூலை 1 முதல் சமையலறை மேடைக்குப் பயன்படும் செயற்கைக் கல்லையே தடை செய்துவிட்டது. அதை அறுத்த இளைஞர்களின் நுரையீரல் கல்லாகிப் போனதுதான் காரணம். அங்கேயும் முதலாளிகள் இருந்தார்கள். அங்கேயும் செலவுக் கணக்கு இருந்தது. தொழிற்சங்கங்கள் ஓயாமல் குரல் எழுப்பியதால் அரசாங்கம் கேட்டது.

கல்நுரையீரலுக்கு மருந்து இல்லை. வந்த பிறகு திரும்பாது. வேலையை விட்ட பிறகும் வளரும். காசநோய்க்கு வாசல் திறந்து வைக்கும். 1997-ல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் படிகச் சிலிகாத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் சேர்த்தது. இப்படிப்பட்ட நோய்க்கு வருமுன் காப்பதே வைத்தியம். அந்த வைத்தியத்தின் சரக்கு தண்ணீர், கொஞ்சம் ஈரமூட்டி, ஒரு சட்டம் கம்பி வலை, ஒரு விசிறி, கழுவ அரை மணி நேரம். இவ்வளவுக்கு ஒரு மனிதனின் மூச்சு விலை போகிறதென்றால் அந்த விலையை ஒத்துக்கொள்ள நாம் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

தோழர்களே, வருகிற கிளைக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உங்கள் வீட்டிலிருந்து கல் வேலைக்குப் போகும் பிள்ளையிடம் இன்று இரவே கேளுங்கள்: "தம்பி, உன் வாளுக்குத் தண்ணீர் வருகிறதா?" இல்லை என்றால் சங்கத்துக்கு எழுதுங்கள். எழுத முடியாதவர்களுக்காகக் கிராணிமார்கள் எழுதட்டும்.